மேல் தட்டில் மிஞ்சிய அறுபத்தொரு படங்கள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். சிறுவர்கள் பார்க்கும் குடும்பப் படங்களையும் தொலைக்காட்சி நாடகங்களையும் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி 2011இல் ஒரு சஞ்சிகை கேட்டது. மட்டக்களப்பில் இந்த வகைப் படங்களுக்கென்றே விமர்சனம் எழுதுகிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, புளியந்தீவில் அன்னப்பூரணியின் வீட்டுக்குப் போனேன். பாடசாலை நூலகத்தில் உதவியாளர். ஆசிரியர் இல்லை, ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'.

அவர் தன் விமர்சனங்களை எழுதி வைத்த ஒரு கொப்பியைத் தந்தார். அதை வாசித்து முடித்த பிறகு கட்டுரை வரவில்லை.

"கடல் பொங்கி வந்த அந்தக் காலையில்" என்று தொடங்கி, வெட்டிவிட்டேன். கடலில் தொடங்கும் கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. நான் ஒரு டிவியில் தொடங்குகிறேன்.

2

அந்த டிவி, கச்சி முகம்மது என்பவருடையது. காத்தான்குடியில் படங்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். சுனாமித் தண்ணீர் கடைக்குள் நெஞ்சளவு நின்றது. கைக்கெட்டும் தட்டுகளில் இருந்த அடிதடிப் படங்கள் எல்லாம் போயின. யாரும் வாடகைக்கு எடுக்காததால் மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்த குடும்பப் படங்கள் மட்டும் தப்பின. அறுபத்தொன்று.

2005 தை மாதக் கடைசியில், அவற்றையும் டிவியையும் ஒரு ஜெனரேற்றரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த முகாமுக்கு வந்தார். முகாம் ஒரு பாடசாலைக் கட்டிடம். அன்னப்பூரணி அங்கே பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டப் போய்வந்துகொண்டிருந்தார்.

உறையில் சிரிக்கும் முகங்களாகப் பார்த்து ஒரு படத்தைப் போட்டார் கச்சி முகம்மது. முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பிறகு படத்தில் வந்த தாய் ஒரு தோணியில் ஏறிக் கை காட்டினாள். ஒரு குழந்தை கத்தியது. இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வாங்குப் பலகைக்குக் கீழே புகுந்து, மாலை வரை வெளியே வரவில்லை.

"டீச்சர், என்ட பிழை. நான் பாக்காமப் போட்டுட்டன்," என்றார் கச்சி முகம்மது.

"பாத்திட்டுப் போடுவம் காக்கா. நான் பாக்கிறன்," என்றார் அன்னப்பூரணி. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

3

அதன் பிறகு காலைகளில் காத்தான்குடிக்குப் போனார். சேறு கழுவிய கடையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கச்சி முகம்மதுவின் மனைவி கைறுன்னிஸா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, பக்கத்திலேயே இருந்து தானும் பார்த்து அழுவார்.

கொப்பியிலிருந்து இரண்டு விமர்சனங்கள்:

"நல்ல படம். நடித்தவர்கள் எல்லாரும் நம் வீட்டு மனிதர் போல் இருக்கிறார்கள். அம்மா சாகிறார். வேண்டாம்."

"மிக நல்ல படம். திருவிழாவில் தொலைந்த பிள்ளை கடைசியில் கிடைத்துவிடுகிறது. வேண்டாம்."

(இரண்டாவதை ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டேன். "தன்ட பிள்ளை கிடைக்காத தாயும் பின்னுக்கு இருந்து பாக்கிறா தானே," என்றார். நான் இந்த இடத்தில் திரைப்படங்களின் மகிழ்ச்சியான முடிவுகள் பற்றி ஒரு நீண்ட பந்தி எழுதியிருந்தேன். அவர் சொன்ன ஒரு வசனம் போதும் என்று எடுத்துவிட்டேன்.)

ஆறு வாரத்தில் அறுபத்தொன்றும் முடிந்தது. தேறியவை நான்கு; அதில் ஒன்று ஒரு யானையைப் பற்றிய படம். குடும்பப் படம் என்றால் யாராவது சாகிறார்கள், பிரிகிறார்கள், அல்லது திரும்பி வருகிறார்கள். வேறு என்னதான் நடக்கும் குடும்பத்தில்?

4

ஆர்த்திகாவை இங்கே கொண்டுவர வேண்டும். பதினொரு வயது. தாயைக் கடல் கொண்டுபோனது. தந்தை மீன்பிடிகாரர். பங்குனியில் ஒருநாள் அவள் அன்னப்பூரணியின் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், ஆனைப் படம் மூண்டு தரம் பாத்திட்டம். மத்தப் படமெல்லாம் எங்க?"

"அதெல்லாம் அழுகைப் படம் மகள்."

"நீங்க பாத்தீங்களா?"

"ஓம்."

"அழுதீங்களா?"

"ஓம்."

"பிறகு நல்லாத்தானே இருக்கிறீங்க."

(பதினொரு வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா என்று எனக்குச் சந்தேகம். கதைக்காக நீங்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறீர்களோ என்று கேட்டேன். அன்னப்பூரணி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.)

அன்றைக்கு அன்னப்பூரணி வீட்டுக்குப் போய்க் கொப்பியை முதலிலிருந்து வாசித்தார். ஐம்பத்தேழு தடவை 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றினேனா, என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா என்று அவருக்கே விளங்கவில்லை.

5

அந்த ஐம்பத்தேழில் அவருக்கு மிகவும் பிடித்த படம் 'கோணல் வகிடு'. பஸ் ஓட்டும் ஒரு தந்தை, மனைவி இறந்த பிறகு மகளுக்குத் தலைவாரிப் பின்னப் பழகுகிறார். கொப்பியில் அதற்கு மட்டும் மூன்று பக்கம். "தாய் சாவதைக் காட்டவில்லை. முடி சிக்கிய சீப்பை மட்டும் காட்டுகிறார்கள். இதை எடுத்தவர் பிள்ளைகளை மதிக்கிறார்" என்று எழுதி, 'மதிக்கிறார்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

சனிக்கிழமை பின்னேரம், படத்தைப் போடுமுன் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தப் படத்தில ஒரு அம்மா செத்துப் போவா. இருபதாம் நிமிசத்தில. அதுக்கு முதல் நான் சொல்லுவன். பாக்க ஏலாத ஆக்கள் வெளிய வாங்க. நான் வெளியதான் நிப்பன்."

"உள்ளுக்க நான் இரிக்கன்," என்றார் கச்சி முகம்மது. பாயில் பிள்ளைகளுக்கு நடுவே போய் இருந்தார்.

இருபதாம் நிமிடத்தில் ஏழு பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அன்னப்பூரணி அவர்களோடு வேப்பமர நிழலில் நின்றார். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. ஒரு சிறுமி அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள். 'நிப்பாட்டுங்க காக்கா' என்று கத்த வாய்வரை வந்ததாம். கத்தவில்லை.

பிறகு ஒரு பாட்டுக் கேட்டது. பாட்டு முடிந்ததும் ஆர்த்திகாவின் குரல்:

"பொய்! ஒரு பாட்டுக்குள்ள பழகிட்டாரா? எங்கட அப்பா ஒரு மாசமாப் பின்னுறார், இஞ்ச பாருங்க, கயிறு திரிச்ச மாதிரித்தான் கிடக்கு!"

கட்டிடமே சிரித்தது. கச்சி முகம்மதுவின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. வெளியே நின்ற ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

(முதல் வரைவில், ஆர்த்திகாவின் தந்தை பின்னால் நின்று கண்ணைத் துடைக்கிறார் என்று எழுதினேன். அவர் அன்றைக்கு உடைந்த தோணியைத் திருத்தப் போயிருந்தார். படத்தைப் பார்க்கவேயில்லை.)

கொப்பியில் 'வேண்டாம்' என்பதை வெட்டி, கீழே எழுதியிருக்கிறது: "காட்டலாம். குறை: தந்தை மிகவும் கெதியாகப் பழகிவிடுகிறார். கண்டுபிடித்தவர்: ஆர்த்திகா." அதற்குப் பிறகு வரும் விமர்சனம் ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் பெயர்கள் உண்டு. நான் வாசித்த திரை விமர்சனங்களில் இவ்வளவு நேர்மையானவை குறைவு.

6

கதையை இங்கே முடித்திருக்கலாம். சஞ்சிகைக்காரர் அதைத்தான் விரும்பினார்.

ஆனால் கொப்பியில் இன்னும் பக்கங்கள் இருந்தன. முகாம் கலைந்த பிறகு ஒரு வார இதழ் அன்னப்பூரணியை எழுதக் கேட்டது. 2009 ஆனியில், யுத்தம் முடிந்து ஒரு மாதத்தில், 'வீட்டார் ஐவர்' என்ற சிறுவர் நாடகத்தின் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அவர் அதைப் பதினைந்து வயது ஆர்த்திகாவோடு இருந்து பார்த்தார். தூரதேசத்தில் காணாமற்போயிருந்த தம்பி, கடைசிக் காட்சியில் ஒரு பையோடு வந்து அக்காவின் முன்னால் நிற்கிறான்.

அன்னப்பூரணிக்கும் ஒரு தம்பி. ஜெயரூபன். கட்டிட வேலைக்கென்று, கடைசி யுத்தம் நடந்த வன்னிக்குப் போனவர். அந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை.

நாடகம் முடிந்தும் அன்னப்பூரணி எழும்பவில்லை.

"இத நான் எழுதட்டா டீச்சர்?" என்று கேட்டாள் ஆர்த்திகா.

"வேணாம் மகள். நல்ல நாடகம். என்ட கோவத்துக்காக அதக் கெடுத்து எழுதேலாது. நானே எழுதிறன்."

எழுதினார். நானாக இருந்தால் அந்த நாடகத்தைக் கிழித்திருப்பேன். அவர் எழுதியது இது:

"தம்பியாக நடித்தவர் ஒரு சொல்லும் பேசாமல் நிற்கிறார். மிக அருமை. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். யாரும் திரும்பி வராத வீடுகளில், பெரியவர் ஒருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கவும்."

7

முடிவுக்காக நான் இரண்டு எழுதினேன். ஒன்றில் ஜெயரூபன் படலையைத் திறந்து... மற்றதில் ஒரு கடிதம் வந்து...

வரைவை அன்னப்பூரணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பென்சிலோடு வாசித்தார். கைறுன்னிஸாவுக்கு இன்னும் இரண்டு வரி வேண்டும் என்று குறித்தார். இரண்டு முடிவுகளையும் குறுக்கே கீறினார்.

"உங்களுக்குத் தெரியாததை எழுதாதீங்க தம்பி."

"அப்ப எப்படி முடிக்கிற அக்கா?"

"தெரிஞ்சதை எழுதுங்க."

எனக்குத் தெரிந்தது: முழுப்பெயர் வினாயகமூர்த்தி ஜெயரூபன். இப்போது வயது முப்பத்திரண்டு. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. வேகமாகப் பேசுவார், பேசும்போது தானே முதலில் சிரிப்பார். உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், முடிவை எனக்கு அனுப்ப வேண்டாம். புளியந்தீவில் அன்னப்பூரணிக்கு எழுதுங்கள்.