பட்டறைக்கல்லில் இரண்டு குழி

எனக்கு வாய் நீளம் என்று விவேக் நகர் முழுக்கத் தெரியும். வாயோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். கையும் நீண்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் பெருமாள்சாமி கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவர் போனபின் மூன்று வருஷமாக அவருடைய அண்ணன் சுப்ரமணியன் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்றால், சமைக்கிறேன், துவைக்கிறேன், ஓரகத்தி மரகதம் கூப்பிட்டால் ஓடுகிறேன். ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே டிபன் கடை ஒன்று காலியாக இருந்தது, பின்னால் படுக்க ஓர் அறையோடு. அட்வான்ஸ் எழுபதாயிரம். அந்த அறைச் சாவிக்காக எதை வேண்டுமானாலும் விற்பேன். விற்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல். மாமனார் காலத்திலிருந்து வந்தது, கொல்லையில் கிடந்தது.

பழைய சாமான் வாங்கும் சீனிவாசராகவன் பிரேசர் டவுனிலிருந்து வந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நாங்கள் பூசிய கறுப்பு பெயிண்டைப் பக்கவாட்டில் சுரண்டினார். இங்கிலீஷ் எழுத்தும், கீழே 1, 2, 14 என்று மூன்று எண்ணும் தெரிந்தன.

"தேதியா சார்?"

"எடைம்மா. முதல் நம்பர் நூத்திப் பன்னெண்டு பவுண்டு கணக்கு, ரெண்டாவது இருபத்தெட்டு, மூணாவது சில்லறை. எண்பத்திரண்டரை கிலோ வரும். இங்கிலாந்து சரக்கு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்துக் கல்லின்மேல் போட்டார். கணீரென்று எகிறி அவர் கைக்கே வந்தது.

"உசுரோட இருக்கு. எண்பதாயிரம் தரேன். மேல இந்த ரெண்டு குழி இல்லன்னா இன்னும் தரலாம். வெள்ளிக்கிழமை டெம்போ கொண்டு வரேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வெள்ளிக்கிழமை வந்து அந்தக் குழியைக் காட்டியே விலையைக் குறைப்பார், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் வெல்டிங் தடம் தெரியாமல் தேய்த்துக் கொடுத்தால்தான் காசு. வீட்டுக்காரருக்குப் பதிலாக எத்தனையோ கேட்டுகளை நானே தேய்த்திருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்தேன்.

சுப்ரமணியன் மாமா கொல்லைக்கு வந்தார். "அத தொடாத பாஞ்சாலி. எங்கப்பா தேய்க்கவே விடமாட்டாரு. இருக்கிற மாதிரியே குடுத்துடு."

"நான் போயிட்டா இங்க யாரு சோறு ஆக்கறதுன்னு பயமா மாமா?"

அவர் உள்ளே போய்விட்டார். மத்தியானத்துக்குள் குழி இருந்த இடம் தெரியவில்லை. முகம் பார்க்கலாம் போல இருந்தது கல்.

மறுநாள் சீனிவாசராகவன் அதைப் பார்த்ததும் டெம்போக்காரரை வெளியிலேயே நிற்கச் சொன்னார். குண்டைப் போட்டார். தொப்பென்று விழுந்து உருண்டு ஓரத்தில் நின்றது.

"மேல இருக்கறது ஒரு கெட்டி உருக்குத் தகடும்மா. ஏற்கெனவே தேஞ்சது. பாதிய நீங்க எடுத்துட்டீங்க, மிச்சம் தேய்ச்ச சூட்டுல செத்துப்போச்சு. நீலம் பாஞ்சிருக்கு பாருங்க. அடியில சாதா இரும்பு."

"குழியக் காட்டிக் கொறைப்பீங்கன்னு நினைச்சேன் சார்."

"நான் கொறைக்கலையேம்மா. சொன்ன எண்பத அப்படியே கொண்டு வந்தேன்."

பணக்கவரை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பைக்குள் வைத்தார். டெம்போ காலியாகத் திரும்பியது.

மாமா எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"பாஞ்சாலி, இட்லிக்கு அரிசி ஊறப் போட்டியா?" உள்ளிருந்து மரகதம் கேட்டாள்.

"இல்லக்கா, இதோ போடறேன்."

அந்த வீட்டில் நான் அவ்வளவு மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.