யாருக்கும் புரியாத வசனம்

படக்காரர்கள் வந்து இறங்கியதும் முதல் வேலையாக மேமியின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கச் சொன்னார்கள். படத்தில் அந்த இடம் வேற்றுக்கிரகம்; அங்கே யார் துணி துவைக்கிறார்கள்? டெத் வேலிப் பாலைவனத்தின் உப்புத் தரையைப் பார்த்த டைரக்டர் பிரஸ்காட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "மனுஷன் காலே படாத இடம்யா இது!" என்று கூவினார். மேமியின் மண்வீடு கேமராவுக்கு நேர் பின்னால் இருந்தது. அவளுடைய ஆட்கள் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள் என்பது அவளுக்கே தெரியாது. கொடி மட்டும் ஓரமாகப் படத்துக்குள் வந்து தொலைத்ததால் இந்தத் தொந்தரவு.

அதை மேமியிடம் சொல்லும் பொறுப்பு அவள் மகன் ஓரினுக்கு வந்தது. பக்கத்துச் சுற்றுலா விடுதியில் தோட்ட வேலை பார்த்தவனை, ஆறடிக்கு மேல் வளர்ந்திருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக வேற்றுக்கிரகவாசி வேஷத்துக்குப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னான். கையையும் ஆட்டிக் காட்டினான்.

"துணி... வேணாம்?" என்றாள் மேமி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். பிறகு மகள் லுவெல்லாவைப் பார்த்தாள். லுவெல்லா தங்கள் பழங்குடி மொழியான ஷொஷோனியில் விளக்கினாள்.

"ஏன்டி, அவனுங்க கிரகத்துல எல்லாரும் அம்மணமாத்தான் திரியிறானுங்களாமா?" என்று மேமி அதே மொழியில் கேட்டாள். லுவெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். ஓரின் சிரிக்கவில்லை. தங்கை அதை ஆங்கிலத்தில் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் சிரித்தான்.

இந்த நாடகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. சிறு வயதில் அரசாங்க ஆட்கள் அவனைத் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சொந்த மொழியில் வாயைத் திறந்த பிள்ளைகளின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். படிப்பு முடிந்து அவன் பேருந்தில் வந்து இறங்கிய நாளில் மேமி ஓடிவந்து, ஊருக்கே கேட்கும்படி, "யப்பா, என் ராசா, எவ்ளோ உசரமாயிட்டடா!" என்று ஷொஷோனியில் கத்தினாள். பேருந்துச் சன்னல் வழியே வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஓரினுக்கு உடம்பெல்லாம் கூசியது. "எனக்குப் புரியலை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான்.

அந்த நிமிடத்தைச் சமாளிக்கச் சொன்ன பொய். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அன்று ராத்திரி அம்மா அழுதாள். அழுத பிறகு எப்படிச் சொல்வது? மறுநாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது, மறுவருடம் முடியாமலே போயிற்று. பாவி மனுஷி, மகனோடு பேசவேண்டும் என்று அந்த வயதில் ஆங்கிலம் கற்க ஆரம்பித்தாள். விடுதியில் துணி மடிக்கப் போன இடத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு வாங்கி வருவாள். "சாப்பாடு. நல்ல. நீ, களைப்பு?" என்று தட்டை நீட்டுவாள். அவளுடைய சொந்தப் பேச்சோ ஊரையே சிரிக்கவைக்கும் பேச்சு. மகன் முன்னால் மட்டும் அவள் மூன்று வயதுக் குழந்தையாகிவிடுவாள். அப்படி ஆக்கியது தான்தான் என்று ஓரினுக்குத் தெரியும். வெட்கங்கெட்டவன், தெரிந்துகொண்டே சாப்பிட்டான்.

படத்தில் அவனுக்கு ஒரே காட்சி. கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரன் நாக்கு வறண்டு தவழ்ந்து வருவான். பாறைக்குப் பின்னாலிருந்து ஓரின் ரப்பர் முகமூடியோடு எழுந்து நிற்க வேண்டும், எதையாவது கத்த வேண்டும், சுடப்பட்டுச் சாகவேண்டும்.

ஓரின் "ஊ... ஆ..." என்று கத்தினான். படப்பிடிப்புக் கூட்டம் சிரித்தது.

"என்னப்பா, பல்லு பிடுங்கினாப்ல கத்துற? ஏதாவது பாஷை மாதிரி பேசு. உங்க பாஷையிலயே பேசேன், யாருக்குப் புரியப்போகுது?" என்றார் பிரஸ்காட்.

"எனக்கு அது மறந்துபோச்சு சார்."

"அட, எதுவோ ஒண்ணு! எப்படியும் மேல வேற சத்தம் போட்டுருவோம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் துணிந்தான். முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. எதிரே ஒருவன் உப்பில் தவழ்ந்து வந்தான். அப்படி வருகிறவனைப் பார்த்தால் அவன் வீட்டில் என்ன சொல்வார்களோ, அது தானாக வாயில் வந்தது, ஷொஷோனியில், அம்மாவின் குரலிலேயே: "வாடா, நிழலுக்கு வா. தண்ணி இருக்கு. யார் வீட்டுப் புள்ள நீ?"

டுமீல் என்று வெடித்தது. ஓரின் விழுந்தான்.

"அற்புதம்! குலையே நடுங்கிருச்சு!" என்றார் பிரஸ்காட்.

மறு குளிர்காலத்தில், மலைக்கு அந்தப்பக்கம் லோன் பைன் ஊருக்குப் படம் வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் ஓரினே வண்டியை ஓட்டி அம்மாவையும் தங்கையையும் கூட்டிப்போனான். அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட. வேறு சத்தம் போட்டிருப்பார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மேமி கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த பைன் கொட்டைகளை உடைத்துத் தின்றாள். ஒவ்வொரு பாறையாக மகளுக்கு அடையாளம் சொன்னாள். திரையில் பாறைக்குப் பின்னாலிருந்து முகமூடி எழுந்தது.

"அண்ணா, இதைப் போட்டப்புறம்தான் நீ பார்க்குற மாதிரி இருக்க" என்றாள் லுவெல்லா.

முகமூடி வாயைத் திறந்தது. "வாடா, நிழலுக்கு வா. தண்ணி இருக்கு. யார் வீட்டுப் புள்ள நீ?"

ஒரு பிசிறில்லை. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி அரங்கு முழுக்கக் கேட்டது. அடுத்த கணம் துப்பாக்கி வெடித்தது. முன் வரிசைகள் கைதட்டின.

மேமி வாய்விட்டுச் சிரித்தாள். "கிறுக்குப் பய! தண்ணி தரேன்னு கூப்பிடுறவனைப் போய்ச் சுடுறான் பாரு!" என்று ஷொஷோனியில் சொன்னவள், பாதியில் நின்றாள். கையிலிருந்த கொட்டை வாய்க்குப் போகவில்லை. அவள் ஓரின் பக்கம் திரும்பினாள்.

ஓரினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருட்டுத்தான், ஆனாலும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேற்கொண்டு திரையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் கொட்டை உடையும் சத்தம் மறுபடி கேட்கிறதா என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கேட்கவில்லை.

வெளியே வந்ததும், லுவெல்லா அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் அவள். மேமி திட்டுவாள், அடிப்பாள் என்று ஓரின் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்று நின்றான். அவளோ தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"படம். நல்ல. நீ... தண்ணி... வேணும்?" என்றாள், அதே உடைந்த ஆங்கிலத்தில்.

அவன் வாங்கிக் குடித்தான். புட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கையில், ஷொஷோனியில் சொன்னான்: "அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்மா. நீ பேசினது எல்லாமே எனக்குப் புரிஞ்சுது."

மேமி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் புரியலை" என்றாள் ஆங்கிலத்தில்.

அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவளுக்கு ஒரு பிழையும் வரவில்லை. அவன் வாயிலிருந்து அதைத்தான் அவள் அதிகம் கேட்டிருந்தாள். அவன் கையிலிருந்த புட்டியை வாங்கி மூடியைத் திருகிக்கொண்டு, அவள் வண்டியில் ஏறினாள்.