அக்கா அவுட்டு

அனிமேஷன் பட விழாவுக்கு மூன்று நிறங்களில் அட்டை அச்சடித்திருந்தார்கள். தொழில்முறையாளருக்கு மஞ்சள், மாணவருக்கு நீலம், பொதுமக்களுக்கு வெள்ளை. ராஜபாளையத்தில் அனிமேஷன் தொழில் செய்கிறவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மஞ்சள் அட்டைதான் முதலில் தீர்ந்தது. மஞ்சளுக்கு சோபாவும் இடைவேளையில் முந்திரிப் பக்கோடாவும் உண்டு. மில் மேனேஜர், வங்கி மேனேஜர், அவர்களுடைய மைத்துனர்கள் எல்லோரும் தொழில்முறையாளர்கள் ஆனார்கள்.

பரிபூரணத்துக்கு நீல அட்டை கொடுத்தார்கள்.

"நான் படிக்கல சார். பிரஸ்ஸுல லேபிள் வரையிறேன். படம் எடுத்திருக்கேன்."

"மஞ்சள் முடிஞ்சிட்டும்மா," என்றார் விழாச் செயலாளர் சுந்தரபாண்டியன். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். "நாம எல்லாருமே சாகுற வரைக்கும் மாணவர்தான?"

அவர் கழுத்தில் மஞ்சள் தொங்கியது.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம், ஜனவரி. வைகுண்டராஜின் நூல் மில்லுக்கு வெள்ளிவிழா. வேறு முதலாளிகளாக இருந்தால் பட்டிமன்றம் வைத்திருப்பார்கள். வைகுண்டராஜின் மருமகன் பம்பாயில் ஒரு விழாவைப் பார்த்துவிட்டு வந்து, இதுமாதிரி இந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லை என்றார். யாரும் செய்ததில்லை என்ற சொல் வைகுண்டராஜுக்குப் போதும். சுந்தரபாண்டியன் தூதரகங்களுக்குக் கடிதம் எழுதினார். தகர டப்பாக்களில் படங்கள் வந்தன. சென்னையிலிருந்து நடுவராக விளம்பரப் பட முதலாளி ஒருவர் வந்தார். வந்த அன்றே ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தின் ஜன்னல்களை லாரித் தார்ப்பாயால் மூடினார்கள்.

பரிபூரணத்துக்குப் பரிசு வேண்டாம். நடுவரின் அபிப்பிராயமும் வேண்டாம். அவளுடைய படம் மூன்று நிமிடம் ஓடும். வைகுண்டராஜ் அதைப் பேசாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

அவளுடைய அம்மா கிருபாபாய் அந்த மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது வேலை. பஞ்சு நெஞ்சில் ஏறியது. மில் டாக்டர் ஆஸ்துமா என்று எழுதினார். ஆஸ்துமா குடும்பத்தில் வருவது, மில்லில் வருவதல்ல. சாவுக்கு மில்லிலிருந்து மாலை வந்தது. மாலையில் மில்லின் பெயர் அச்சடித்த ரிப்பன் இருந்தது. கல்லறையில் மாலை காய்ந்தது, ரிப்பன் காயவில்லை.

பொன்னுராஜ் ஸ்டூடியோவில் ஒரு பதினாறு எம்.எம். கேமரா சும்மா கிடந்தது. வீடியோ வந்த பிறகு கல்யாண வீடுகளில் அதை யாரும் கேட்பதில்லை. பொன்னுராஜ் கேமராவையும் கெடு முடிந்த ஃபிலிமையும் கொடுத்தார். பிரஸ்ஸில் தீப்பெட்டிக்குக் கிளியும் பட்டாசுக்குக் குழந்தையும் வரைந்துவிட்டு வந்து அவள் அம்மாவை வரைந்தாள். ஒவ்வொரு தாளிலும் கை ஒரு நூல் அளவு நகரும். சத்தம் எதுவும் சேர்க்கவில்லை. மில்லுக்குள் யார் பேசினாலும் கேட்காது. அம்மா வீட்டிலும் சைகையில்தான் பேசினாள்.

முதல் நாள் ஓர் ஐரோப்பியப் படம் போட்டார்கள். பொம்மை மனிதன் ஒருவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறினான். ஏறிக்கொண்டே இருந்தான்.

"ஏலே, சவுண்டப் போடுலே!" என்றது வெள்ளை அட்டைப் பக்கம்.

"படத்துலயே சவுண்டு இல்ல," என்றார் புரொஜக்டர் ஓட்டிய குருசாமி.

"துட்டு வாங்கிட்டு ஊமப்படமா காட்டுதிய?"

அனுமதி இலவசம். இருந்தாலும் கேட்டார்கள். விசில் பறந்தது. யாரோ தார்ப்பாயை விலக்க, பொம்மை மனிதன் வெயிலில் கரைந்து போனான்.

வைகுண்டராஜ் சோபாவில் திரும்பினார். "பேசுறதுக்கு ஆள் இல்ல, அதான் கொற. நம்ம மலைச்சாமியக் கூப்பிடுங்க."

செட்டியார்பட்டியிலோ தேவதானத்திலோ கபடிப் போட்டி நடந்தால் மைக் மலைச்சாமியிடம் இருக்கும். ஆட்டத்தைப் பார்க்காதவனுக்கும் அவன் ஆட்டத்தைச் சொல்லிவிடுவான். பார்த்தவனுக்கு வேறோர் ஆட்டத்தைச் சொல்லுவான்.

இரண்டாம் நாள் அதே படத்தைத் திரும்பப் போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மலைச்சாமி உட்கார்ந்தான்.

"ஏறுதான்... ஏறுதான்... மாமனார் வீட்டுச் சீரு, கீழ வைக்க மனசில்ல! ஏ மாப்ள, பொண்ணு கீழ நிக்கா, நாற்காலியத் தூக்கிட்டு எங்க போற?"

மண்டபம் குலுங்கியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது ஒரு புது வடிவம் என்றார். விழா மலரில் சுந்தரபாண்டியன் 'மௌனத்தின் மொழி' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பரிபூரணம் அவரைப் பார்த்தாள்.

"மௌனத்துக்கும் வட்டார வழக்கு உண்டும்மா," என்றார்.

மூன்றாம் நாள் காலை அவள் அவரிடம் போனாள்.

"என் படத்துக்கு மட்டும் மைக் வேண்டாம் சார்."

"நான் என்ன செய்ய? முதலாளி விரும்புதாக."

"மூணு நிமிசம்தான்."

"ஒரு விழா நடத்துறதுன்னா எம்புட்டு விட்டுக்கொடுக்கணும்னு உனக்குத் தெரியாது," என்றார். அவர் குரலில் தியாகம் இருந்தது.

மலைச்சாமி மேடையோரம் சோடா குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஒங்க படமாம்லா தாயி? கதைய ஒரு வரி சொல்லிருங்க. அதுக்கேத்தாப்புல பேசிருதேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் மைனர் செயின். கையில் மைக்.

"பாத்தாத் தெரியும்," என்றாள்.

"சரி தாயி. பாத்துக்கிடுதேன்."

மதியம் மில் வேனில் வைண்டிங் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோருக்கும் வெள்ளை அட்டை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இடப்பக்கம் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது.

திரையில் ஒரு பெண் நின்றாள். முன்னால் கோன்கள் சுற்றின. நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டாள்.

"வாரா வாரா, அக்கா வாரா! கையப் பாருங்க, கை எங்க இருக்குன்னே தெரியல! போட்டா முடிச்சு! அடுத்தது! போட்டா!"

கோன்கள் வேகமாகச் சுற்றின. வெள்ளைத் துகள் எழுந்தது. அவள் தலையில் இறங்கியது, இமையில் இறங்கியது.

"பவுடர் போடுதா டோய்! மாப்பிள்ள வீட்டுக்காரவுக வாராக போல! போதும்க்கா, டப்பா காலி!"

பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். வைண்டிங் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். பரிபூரணம் அவர்களைப் பார்க்காமலிருக்க முயன்றாள். பார்த்தாள்.

திரையில் அவள் இருமினாள். வாயிலிருந்து ஒரு நூல் வந்தது. மெஷின் அதைப் பிடித்துக்கொண்டது. சுற்ற ஆரம்பித்தது.

"வாயிலருந்து நூலு! யாத்தே, இது நம்ம முதலாளி மில்லுதான்! நம்ம மில்லு நூலு அறாதுலே, இழு! இன்னும் இழு! இடியாப்பம் மாதிரி வருது பாரு!"

வைகுண்டராஜ் தொடையில் அடித்துச் சிரித்தார்.

கோன் பருத்தது. அவள் மெலிந்தாள். நிறம் போயிற்று. வெறும் கோடானாள். கோடும் நூலாகி கோனில் ஏறியது. தரையில் சேலை மட்டும் கிடந்தது.

"போறா... போறா... கோட்டத் தொட்டாளா? தொடலியே! அக்கா அவுட்டு!"

மண்டபம் முழுவதும் கத்தியது. "அக்கா அவுட்டு!"

கடைசியில் ஒரு சிறிய கை வந்து நிறைந்த கோனை எடுத்துவிட்டு, வெறுங் கோனை மாட்டியது. சின்னப் பெண்ணின் கை. கைதட்டலில் அதை யாரும் பார்க்கவில்லை.

பரிசு அவளுக்கே கிடைத்தது. சிறந்த நகைச்சுவைப் படம். நடுவர் தன் உரையில், இவ்வளவு நாசூக்கான விளம்பரத்தைப் பம்பாயிலும் பார்த்ததில்லை என்றார். வைகுண்டராஜ் எழுந்து, இந்தப் படத்தை மலைச்சாமியின் குரலோடு மதுரையிலிருந்து தென்காசி வரை எல்லா டாக்கீஸிலும் இடைவேளையில் போடப்போவதாக அறிவித்தார். "அக்கா மெலிஞ்சாலும் நூல் மெலியாது. இதுதான் வாசகம். இப்பத்தான் தோணுச்சு." மஞ்சள் அட்டைகள் எழுந்து நின்று கைதட்டின.

பரிசு வாங்கியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். மலைச்சாமி மைக்கை அவள் கையில் கொடுத்தான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"குருசாமி அண்ணாச்சி, படத்தத் திருப்பிப் போடுங்க."

சுந்தரபாண்டியன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். வைகுண்டராஜ், போடட்டும் என்று கையசைத்தார். விளக்கு அணைந்தது. அவள் திரையோரம் நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். இனி அதை வாங்கி யாரும் பேச முடியாது. மலைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். முன் வரிசையில் வைகுண்டராஜின் முகம் திரை வெளிச்சத்தில் தெரிந்தது.

இடப்பக்க நாற்காலிகள் காலியாக இருந்தன. அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

திரையில் கோன்கள் சுற்றின. புரொஜக்டர் சத்தம் மட்டும். கூடையில் நாய்க்குட்டி முனகியது. முதல் நூல் அறுந்தது. முதல் முடிச்சு விழுந்தது.

"போட்டா முடிச்சு!" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அடுத்தது! போட்டா!" என்றது இன்னொன்று.

துகள் எழுந்தபோது பத்துக் குரல். "பவுடர் போடுதா டோய்!" நூல் வந்தபோது மண்டபமே சொன்னது. ஒரு சொல் பிசகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு திருக்குறளையும் இவ்வளவு சுத்தமாக ஒப்பித்திருக்க மாட்டார்கள். மைக் தேவைப்படவில்லை.

அவள் வைகுண்டராஜை மட்டும் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கண் திரையில் இருந்தது. ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். இழு, இன்னும் இழு. கூட்டத்தோடு சேர்ந்து அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். பிசகாமல் சொல்வதில் கவனமாக இருந்தார்.

"அக்கா அவுட்டு!"

விளக்கு எரிந்தது. அவர் அவளை அருகே கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு பாப்பா. யாரு வீட்டுப் பிள்ள நீ?"

"கிருபாபாய் மக. ஒங்க மில்லுல கோன் வைண்டிங்ல இருந்தாவ."

"அப்படிச் சொல்லு!" அவர் நடுவர் பக்கம் திரும்பினார். "கேட்டியளா? நம்ம மில்லுப் பிள்ள!" மறுபடி அவளிடம், "அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா. பாத்தாச் சந்தோசப்பட்டிருப்பா."

பரிபூரணம் அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு முறை படத்தைப் பார்த்திருந்தார்.

"கூட்டிட்டுத்தான் வந்தேன்," என்றாள்.

"எங்க?" அவர் கழுத்தை நீட்டி இடப்பக்கத்தைப் பார்த்தார். காலி நாற்காலிகள். "வேன்ல போயிட்டா போலுக்கு. சரி, டப்பாவ ஆபீசுல குடுத்துட்டுப் போ. மத்தத மேனேஜர் பேசுவாரு."

"குடுக்க மாட்டேன்."

அவருக்குக் கேட்கவில்லை. போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். சுந்தரபாண்டியனுக்குக் கேட்டது.

"ஏம்மா, முதலாளி எம்புட்டு ஆசையாக் கேக்காக! நாளைக்குச் சென்னையில நீ எங்கயோ போயிருவ. அந்த நடுவரே..."

"மலைச்சாமியக் கேளுங்க சார். அவரு குரல் போதும். இங்க யாருக்கும் படம் தேவையில்ல."

அவள் குருசாமியிடம் போனாள். அவர் ரீலைச் சுற்றி டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தார். படம் எப்படி என்று சொல்லவில்லை. அவர் ஃபோகஸை மட்டும் பார்ப்பவர்.

கழுத்திலிருந்த நீல அட்டையைக் கழற்றி, பரிசுக் கோப்பைக்குள் போட்டு, கோப்பையை மஞ்சள் அட்டைக்காரர்களின் பக்கோடாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். டப்பாவை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் இன்னும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் திருப்பத்தில் நின்றது.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மலைச்சாமி. மூச்சு வாங்கினான்.

"தாயி, செத்த நில்லுங்க. முதலாளிகிட்ட நீங்க பேசுனது கேட்டுச்சு. அது ஒங்க அம்மாவா? அவிய தவறிட்டாவளா?"

"ஆமா."

அவன் முகம் வாடியது. நடிப்பில்லை.

"காலையிலயே ஒரு வரி சொல்லியிருக்கலாம்லா? நான் கேட்டம்லா?"

அவன் சொன்னது உண்மை. கேட்டிருந்தான்.

"சொல்லியிருந்தா அழுதுகிட்டே பேசியிருப்பேன் தாயி. அதுவும் நமக்கு வரும். சாவு வீட்டுக்கெல்லாம் என்னயத்தான் கூப்பிடுவாக. மண்டபத்துல ஒரு கண்ணு காஞ்சிருக்காது. முதலாளியவே தேம்ப வச்சிருப்பேன்."

பரிபூரணம் டப்பாவை இறுக்கி இடுக்கிக்கொண்டாள்.

"நல்லவேள சொல்லல," என்றாள். பஸ் ஏறினாள்.