இயந்திரம் மாறிய சோதனை

வாலு என்ற பட்டப்பெயரை வைத்தவள் அக்காதான். வாலுவுக்கு இப்போது மூளை ஸ்கேன்களைப் புள்ளியியல் வழியில் அலசும் ஆய்வுக்கூடத்தில் பொறுப்பான வேலை, நரைக்கத் தொடங்கிய தலை. இருந்தும் வீட்டில் அவள் வாலுதான்.

அக்கா வக்கீல். மூளையின் வெண்பொருள், அதாவது செய்தி கடத்தும் நரம்பிழைக் கட்டுகள், மெல்ல மெல்லச் சிதையும் நோய் அவளைக் கட்டிலில் தள்ளியிருந்தது. வாலுவின் கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்த மருந்துதான் ஒரே நம்பிக்கை. முதல் கட்டத்தில் பலன் தெரிந்தால் இரண்டாம் கட்டத்தில் அக்காவுக்கும் கிடைக்கும்.

பலன் தெரிந்தது. மருந்து எடுத்தவர்களின் நரம்பிழைகள் மற்றவர்களுடையதைவிட உறுதியாக இருப்பதாகக் கணக்கு சொன்னது. வாலு வீட்டுக்கு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

அறிக்கையை அனுப்புமுன் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சோதனையின் நடுவே ஸ்கேன் இயந்திரத்தை மாற்றியிருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது ஸ்கேன் புதிய இயந்திரத்தில், மற்றவர்களுக்குப் பழையதில். புதியது யாருடைய நரம்பிழையையும் சற்று உறுதியாகவே காட்டியது. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்ததும் பலன் காணாமல் போனது.

வாலு தலைகீழாக நின்று பார்த்தாள். கணக்கிலிருந்து வயதானவர்களை நீக்கினாள். ஸ்கேனில் தலையை அசைத்தவர்களை நீக்கினாள். நரம்புக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் மயிரிழையில் பலன் தெரிந்தது. அத்தனை கல்லெறிந்தால் ஒன்றாவது மாங்காயில் படத்தான் செய்யும் என்று அவளுக்கே தெரியும். மேஜையில் கவிழ்ந்து அழுதாள்.

வீட்டில் உண்மையைச் சொன்னாள்.

“அப்போ மருந்து வேலை செய்யலன்னு முடிவாயிடுச்சா?” அக்காவின் நாக்கு குழறினாலும் கேள்வி கூர்மையாகவே வந்தது.

“அப்படியும் சொல்ல முடியாதுக்கா. வேலை செய்யுதுன்னு சொல்ல ஆதாரம் இல்ல.”

“அப்போ சந்தேகத்தோட பலனை எனக்குக் குடுடி. கோர்ட்ல கொலைகாரனுக்கே குடுக்கறாங்க.”

“ஈரலைக் கெடுக்கற மருந்து அது, அக்கா. இன்னும் எத்தனையோ பேருக்குக் குடுக்கப் போறாங்க.”

“அவங்க யாரோ. நான் உன்கூடப் பொறந்தவ. யார்கிட்டயும் சொல்லாத. உன் கால்ல வேணும்னாலும் விழறேன். அதுக்கும் நீதான் என்னைத் தூக்கிவிடணும்.”

வாலு அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் கூடத்தை நடத்தும் பேராசிரியரிடம் சொன்னாள். கணக்கை வரிவரியாகப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நிறுத்திடுவோம்மா,” என்றார். இரண்டாம் கட்டம் கைவிடப்பட்டது.

அதைக் கேட்டதும் அக்கா, “நல்லா இரு,” என்று மட்டும் சொல்லிச் சுவர்ப்பக்கம் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். வாலு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். சோறு ஊட்டப் போனபோது அக்கா வாயைத் திறக்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

“வாலு.”

“என்னக்கா?”

“இடுப்பு எரியுது. திருப்பி விடு.”

வாலு கைகளை அடியில் நுழைத்து அவளைத் தன் பக்கம் புரட்டினாள். முகங்கள் நேருக்கு நேர் வந்தன. அக்கா இம்முறை கண்ணை மூடவில்லை.

“பயமா இருக்குடி.”

வாலு அவள் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.