முளைவிட்ட கம்பு

தென்னூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் செல்வமேரி இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திங்கட்கிழமை வரும் இன்ஸ்பெக்டர் நல்லவிதமாக எழுதினால் ஆகிவிடும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். தானியம் எப்படி விளைகிறது என்று பிள்ளைகளைக் கொண்டே செய்து காட்ட அவள் நினைத்தாள்.

யுத்தகாலம். அரிசிக்கு ஜனங்கள் ரேஷன் கடையில் வரிசையாக நின்றார்கள். வீட்டில் கஞ்சிக்கென்று இருந்த கம்பில் இரண்டு கை அள்ளிவந்து, ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை விட்டதும் கொட்டாங்கச்சிகளில் மண் போட்டுப் பிள்ளைகளை ஊன்றச் செய்தாள்.

வியாழக்கிழமை காலையில் எல்லாக் கொட்டாங்கச்சியும் கிளறிக் கிடந்தது; முளைகளைக் காணோம். வகுப்பில் ஹாஜிரா என்ற பெண்ணின் உதட்டோரம் மண் ஒட்டியிருந்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய அவள் அப்பா இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"எதுக்குடி தின்னே?"

"பசிச்சுது டீச்சர்."

வகுப்பு சிரித்தது. செல்வமேரிக்கு முகமெல்லாம் எரிந்தது.

"மண்ணை மட்டும் ஏன் மிச்சம் வச்சே? அதையும் தின்னு."

பயமுறுத்தத்தான் சொன்னாள். ஹாஜிரா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். போதும் என்று சொல்லியிருக்கலாம். செல்வமேரி சொல்லவில்லை. இரண்டாவது பிடியில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் குழந்தை வாந்தி எடுத்தது. சேற்றுக்கு நடுவே மெல்லாத கம்பு முழுசு முழுசாகக் கிடந்ததைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"துடைச்சுட்டுப் போய் உக்காரு."

மறுநாள் ஹாஜிராவின் அம்மா ஷரபுன்னிசா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று செல்வமேரி பதில் தயாராக வைத்திருந்தாள். ஷரபுன்னிசா மகளின் முதுகில் ஓங்கி அறைந்தாள்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். இன்னும் நாலு போடுங்க, நான் கேக்க மாட்டேன். பள்ளிக்கூடத்த விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க. இங்க இருந்தா அவளுக்குப் பசி அவ்வளவா தெரியலை."

செல்வமேரிக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததில் கொஞ்சம் கூச்சமும் வந்தது. "சரி, போங்க" என்றாள்.

வேறு கம்பு முளைகட்டி ஊன்றினார்கள். திங்கட்கிழமை ஹாஜிராவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள்.

"தானியத்தை ஏன் சாப்பிடறோம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உடம்பு வளர! பலம் வர!" என்று வகுப்பே கத்தியது.

அவர் கடைசி வரிசையைக் காட்டினார். "நீ சொல்லும்மா."

ஹாஜிரா எழுந்தாள். டீச்சரைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது கொஞ்சம் மந்தம் சார்" என்றாள் செல்வமேரி.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுக் கொட்டாங்கச்சிகளைப் பார்க்கப் போனார். பிரமாதம் என்றார்.

வேலை நிரந்தரமாயிற்று. ஹாஜிரா அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. ஆளனுப்பி விசாரிக்கலாமா என்று செல்வமேரிக்கு ஒருநாள் தோன்றியது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டாள்.