கேட்காமலே ரத்து

அக்காவின் பல் மருத்துவமனை இணையதளம் திறப்பதற்குள் ஒரு பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று அத்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார். சொன்னது அக்காவிடம், தைத்தது தம்பிக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு அந்தத் தளத்தைக் கட்டியவனும் அவன்தான், இன்றுவரை பார்த்துக்கொள்பவனும் அவன்தான்.

"மூணு நாள் கொடு அக்கா. விரலை வைக்கிறதுக்குள்ள பக்கம் வந்து நிக்கும்" என்றான்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. தளத்துக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் தாவுகிறார்கள் என்ற ஒரு வருடப் புள்ளிவிவரம் அவனிடம் சும்மா கிடந்தது. சொத்தைப் பல்லைப் பற்றிப் படித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அடுத்துப் போனது 'வலிக்குமா?' என்ற பக்கத்துக்கு. அப்படியிருக்க, அவர்கள் கேட்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சத்தமில்லாமல் வரவழைத்து வைத்துவிட்டால் போதும். முதல் நாள் போகும் நினைவூட்டலை அழுத்தித் தன் முன்பதிவைத் திறந்து பார்த்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அடுத்து 'நேரம் மாற்ற' என்பதை அழுத்தியிருந்தார்கள். பல் டாக்டரிடம் நேரம் வாங்குவதே தள்ளிப்போடத்தானே என்று சிரித்துக்கொண்டு அதையும் முன்னாலேயே வரவழைக்கும் பட்டியலில் சேர்த்தான்.

வியாழன் மாலை எல்லாவற்றையும் ஏற்றினான். தளம் பறந்தது. அத்தானே தன் கைபேசியில் நாலு பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

வெள்ளியன்று நாலு பேர் வரவில்லை. சனிக்கிழமை ஏழு. திங்கள் ஆறு, செவ்வாய் ஏழு, புதன் ஒன்பது. வரவேற்பு மேசைப் பெண்ணின் திரையில் எல்லாப் பெயருக்கும் எதிரே 'நோயாளி கேட்டு ரத்து' என்று சிவப்பில் நின்றது. புதன்கிழமை வந்தவர் ஒரே ஒருவர். அவரும் நேரில் வந்து நேரம் வாங்கிப் போனவர். மற்ற நேரமெல்லாம் அக்கா சுத்தமான கருவிகளை மறுபடி சுத்தம் செய்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். தன் வலது கையை அவன் தோளில் வைத்தாள்.

"உண்மையச் சொல்லு. என் கை கனமா இருக்கா?"

அவனுக்குச் சுருக்கென்றது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது தலைமை டாக்டர் ஒருவர், "உன் கை கனம்மா, தொட்டாலே வலிக்குது, இந்தத் தொழிலுக்கு ஆகாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த ரோஷத்தில் வெளியே வந்துதான் அக்கா சொந்தமாகத் தொடங்கினாள். இப்போது அதே இடத்தில் ஒரு வேலை காலியாக இருக்கிறதாம். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் அத்தான் வேலை நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். "முப்பத்திமூணு பேரு தப்பாவா சொல்வாங்க?"

"அதெல்லாம் இல்லக்கா" என்று மென்று விழுங்கிவிட்டு உள்ளறைக்கு வந்தான். மனசு கேட்கவில்லை. தானாவது போய் நாற்காலியில் உட்காரலாம், நேரம் என்றைக்கு என்று பார்ப்போம் என்று தன் பெயரில் இருந்த முன்பதிவைத் திறந்தான். பல் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி அக்கா வற்புறுத்திப் போட்டது அது. பக்கம் திறந்த கையோடு சட்டைப்பையில் கைபேசி கிணுகிணுத்தது. 'நீங்கள் கேட்டபடி உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. பற்களைப் பேணுங்கள்.'

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் தான் எதையும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

'நேரம் மாற்ற' பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தான். யாராவது அந்தப் பக்கத்தை வரவழைத்ததுமே பழைய நேரத்தை முதலில் ரத்து செய்துவிட்டு, பிறகுதான் புது நேரங்களைக் காட்டும்படி எழுதியிருந்தது. "சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அழுத்துபவர் மனிதராக இருந்தவரை குடி கெடவில்லை. இப்போது ஆள் அழுத்துவதற்கு முன்பே இவனுடைய புது ஏற்பாடு போய் அந்தக் கதவைத் தட்டிவிட்டு வருகிறது. எந்தப் புத்திகெட்டவன் எழுதியது என்று ஆத்திரத்தோடு தேடினான். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு மதியம், அவனேதான்.

சத்தம் போடாமல் சரிசெய்துவிடலாம். பத்து நிமிட வேலை, யாருக்கும் தெரியாது. ஆனால் அக்கா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவாள், தன் கையைப் பழித்துக்கொண்டே. சரிசெய்தான், போய்ச் சொன்னான்.

அக்கா கடைசிவரை கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, நீ ரத்து பண்ணிட்டே. முப்பத்திமூணு பேர்ல ஒருத்தராவது போன் பண்ணி, நான் எப்பம்மா ரத்து பண்ணேன்னு கேட்டாங்களா?"

அவன் போனை ஒலிபெருக்கியில் போட்டு, முதல் எண்ணை அழுத்தினான். ஒரு பஸ் ஓட்டுநர்.

"தப்பா ரத்தாயிடுச்சுங்க. நீங்க வரணும்."

"அடடா" என்றார் ஓட்டுநர், துக்கம் விசாரிக்கும் குரலில். "அது அப்படியே இருக்கட்டுமே தம்பி."

"டாக்டர் கை கனம்னு நினைக்கிறீங்களா?" அக்கா முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டான்.

"யாரு சொன்னா? போன தடவை பிடுங்கினதே எனக்குத் தெரியல. பிடுங்கியாச்சான்னு நான்தான் கேட்டேன். அதில்ல தம்பி, பல் டாக்டர் எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் நாளைக்கு நல்லவங்களா இருக்கட்டும்னு தோணும். ரத்துன்னு சேதி வந்ததும் சும்மா ஏன் கிளறணும்னு விட்டுட்டேன்."

அக்கா போனைப் பிடுங்கினாள். "வெள்ளிக்கிழமை காலைல ஒன்பதரை. வந்துடுங்க."

"சரிங்கம்மா" என்றார் அவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

மீதி முப்பத்திரண்டு பேரையும் அவளே கூப்பிட்டாள். வெளியூர் என்றவரிடம் எந்த ஊர் என்று கேட்டாள். வலி போய்விட்டது என்றவரிடம், அது போகாது, ஒளிந்துகொண்டிருக்கிறது என்றாள். இருபத்தாறு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஓட்டுநர் ஒன்பதே காலுக்கே வந்து நாற்காலியின் கைப்பிடியை ஸ்டீயரிங்போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா கையுறை மாட்டி, விளக்கை இழுத்து, ஊசியையும் போட்டு முடித்த நேரத்தில் அத்தான் கூப்பிட்டார். தம்பி ஓடிப்போய் கைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"கடிதம் என்னாச்சு? இங்க கேக்கறாங்க" என்றது அத்தானின் குரல்.

"இப்பப் பேச முடியாதுங்க" என்றாள் அக்கா. "ஆள் வாயைத் திறந்துட்டாரு. வெளிய இன்னும் ஆறு பேரு இருக்காங்க."