திரையில் பத்து, பெல்ட்டில் எட்டு

ட்ரெட்மில் ரிப்பேர் செய்வது என் தொழில். பதினேழு வருடத்தில் ஓடி ஓடித் தேய்ந்த மெஷின் என்று என் கைக்கு வந்தது நாலோ ஐந்தோதான் இருக்கும். மற்றதெல்லாம் சும்மா கிடந்தே கெட்டவை. மோட்டார் மூடியைக் கழற்றினால் உள்ளே ஹேர்பின், ஒற்றைக் காலுறை, பிஸ்கட் தூள். ஒரு வீட்டில் கோழி எலும்பு கிடந்தது. உடம்பு இளைக்க வாங்கிய மெஷினுக்குள் கோழி எலும்பு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வக்கீல் ஒருவர் இருக்கிறார். மெஷினைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற கட்டையில் கால் வைத்து நின்றுகொண்டு செய்தித்தாள் படிப்பார். நடுவில் பெல்ட் தன்பாட்டுக்கு ஓடும். அரை மணி கழித்து மனைவியைக் கூப்பிட்டு, "பார், நாலு கிலோமீட்டர்" என்று காட்டுவார். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்ளவும் மறக்கமாட்டார். வருஷம் ஒருமுறை, "பெல்ட் இவ்வளவு சீக்கிரம் தேயுதேப்பா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவர்களிடம் தொழில் செய்கிறவன் கொஞ்சம் உபசாரமும் கற்றுக்கொள்ள வேண்டும். ரிப்பேர் முடிந்ததும் ஆள் ஏறி ஐந்து நிமிஷம் ஓடிப் பார்ப்பார். திரையில் எண் குறைவாக வந்தால், "மெஷின் இன்னும் சரியாகலையே" என்பார். தன் தொப்பையை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். பெல்ட்டைச் சுற்றும் உருளை எவ்வளவு பெரியது என்று மெஷினுக்குச் சொல்லுகிற இடம் ஒன்று மெனுவின் உள்ளே உண்டு. அங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். பெல்ட் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், திரையில் பத்து என்று காட்டும். ஆள் இறங்கும்போது முகத்தில் அப்படி ஒரு களை வரும். மெஷினுக்கு எண்ணெய் போடுகிற கையோடு ஆளுக்கும் கொஞ்சம் போட்டுவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்? இவர்கள் யாரும் எங்கேயும் போய் ஓடிக் காட்டப்போவதில்லை.

என் தங்கச்சி ஓடிக் காட்டவேண்டியவள். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அவளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. ஒரு காலத்தில் வண்டியில் போனவள். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறியவள். குழந்தை பிறந்த பிறகு தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். சும்மா கொஞ்ச நாளைக்கு என்றார்கள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. மணி அடித்தால் எடுப்பாள், முகவரி எழுதிக் கொடுப்பாள், மற்றவர்கள் பாய்ந்து ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'ஹலோ அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

திரும்ப வண்டி ஏறவேண்டுமானால் இரண்டாயிரத்து நானூறு மீட்டரைப் பதின்மூன்று நிமிஷத்துக்குள் ஓடவேண்டும். முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டால் அந்தச் சோதனைக்கே சேர்க்கமாட்டார்கள். அவளுக்கு இன்னும் ஆறு மாதத்தில் முப்பத்தெட்டு. நாலு மாதத்தில் சோதனை. இதை விட்டால் ஓய்வு பெறுகிற வரைக்கும் 'ஹலோ' தான்.

தெருவில் ஓடலாம். ஆனால் அவள் வீடு நிலையத்துக்குப் பின்னாலேயே இருக்கிற குடியிருப்பில். அந்தத் தடியன்கள் எல்லாரும் பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் ஒரு பழைய மெஷினைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, அவள் படுக்கையறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கொண்டுபோய் நுழைத்தேன். எண்ணைக் கூட்டாமல், உள்ளது உள்ளபடிதான் கொடுத்தேன். அதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஏறினாள். இரண்டு நிமிஷம் ஓடினாள். அப்புறம் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். இறங்கி மெஷினை ஓர் உதை உதைத்தாள்.

"எந்தக் குப்பையிலேருந்து பொறுக்கிட்டு வந்த இதை? ஏழுக்கு மேல போகவே மாட்டேங்குது!"

"மெஷின் நல்லாத்தான்மா இருக்கு."

"அப்ப நான்தான் ரிப்பேரா?"

 கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எங்கள் அப்பா செத்தபோதுகூட எனக்குத் தைரியம் சொன்னவள் அவள். என்னால் தாங்க முடியவில்லை. "போம்மா, போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்பினேன். அவள் சமையலறைக்குப் போய் வருவதற்குள் என் விரல் மெனுவுக்குள் போய் வந்துவிட்டது. பழகிய விரல். நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டியது.

திரும்ப ஏறினாள். எட்டு, ஒன்பது, பத்து. "பாரு, உதைச்சா தான் வேலை செய்யுது உன் மெஷின்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடினாள், மேசை வேலை முடிந்து வந்து ஓடினாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், என்னிடம் புலம்பினார். "மச்சான், இவ மூச்சு வாங்குற சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் கூப்பிடவான்னு கேக்கிறார்." ஐந்தாவது வாரம் அவளே தொலைபேசியில் கத்தினாள்.

"அண்ணா! முழுசா ஓடிட்டேன்! பதின்மூணு நாப்பது! இன்னும் நாப்பது செகண்ட் தான்!"

நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். உண்மையில் அவள் பதினேழு நிமிஷம் ஐந்து செகண்டில் இருந்தாள். பதினேழு நிமிஷத்தில் வண்டி போய், தீயை அணைத்து, குழாயையே சுருட்டியிருப்பார்கள்.

நியாயமான மனிதன் அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பான். நான் மெக்கானிக். சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சோதனைக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்ப் புட்டியோடு போவது, கூட்டிய இருபத்தைந்தில் வாரத்துக்கு இரண்டரை இரண்டரையாகப் பொய்யைக் குறைப்பது, பத்தாவது வாரம் மெஷின் அரிச்சந்திரன் ஆகிவிடும், அவளுக்குத் தெரியவே தெரியாது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"எவ்வளவு அக்கறை பாரு எங்க அண்ணனுக்கு. வாராவாரம் வந்து எண்ணெய் போடறார்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

அந்த யோசனையில் ஓர் ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் உடம்பு வாராவாரம் முன்னேறியது. அதே அளவுக்கு நான் மெஷினில் குறைத்தேன். ஆகத் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. பதின்மூன்று முப்பத்தெட்டு. பதின்மூன்று நாற்பது. பதின்மூன்று முப்பத்தைந்து. அவள் உயிரைக் கொடுத்து ஓடினாள், எண் அசையவில்லை.

முதலில் ஷூவைக் குறை சொல்லிப் புதிது வாங்கினாள். அப்புறம் சர்க்கரையை விட்டாள். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள், அதில் எல்லாம் நன்றாகவே இருந்தது, அதனால் இன்னும் பயந்தாள். எட்டாவது வாரம் கணவரின் குறட்டைதான் காரணம் என்று முடிவு செய்து அவரைக் கூடத்தில் படுக்கவைத்தாள். பாவம், மனிதர் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அறிவுரை சொன்னேன். "சில பேர் உடம்பு அப்படித்தாம்மா, ஒரு கட்டத்துல நிக்கும். அப்புறம் திடீர்னு போகும்." பெரிய பயிற்சியாளர் கணக்காக, ஒரு கையில் எண்ணெய்ப் புட்டி, மறு கையில் டீ. நான் மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். இப்போது நினைத்தால் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்தாவது ஞாயிறு கடைசி இரண்டரையையும் எடுத்தேன். அவள் ஏறி ஓடினாள். பதின்மூன்று இருபது. உண்மையான பதின்மூன்று இருபது. எனக்குக் கண் கலங்கியது. அவள் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசையில் இருந்த ஒரு காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா அது?"

"சோதனையிலேருந்து பேரை எடுத்துடச் சொல்லி எழுதியிருக்கேன். நாளைக்குக் காலையில குடுக்கணும்."

"என்ன பேசற நீ?"

"பத்து வாரம் அண்ணா. பதின்மூணு நாப்பதுலேருந்து பதின்மூணு இருபது. இருபது செகண்டுக்கு நான் செத்துப் பொழைச்சிருக்கேன். இன்னும் ரெண்டு வாரத்துல இன்னொரு இருபதுக்கு எங்க போவேன்? இந்த உடம்பு அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. ஒத்துக்கிட்டேன், விடு."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. உதைத்திருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் தண்ணீர் குடிக்க அனுப்பியதிலிருந்து வாரத்துக்கு இரண்டரை வரைக்கும். மாப்பிள்ளை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ இருபது செகண்ட் குறைக்கலம்மா. மூணே முக்கால் நிமிஷம் குறைச்சிருக்க. பதினேழு நிமிஷத்துல இருந்தவ நீ!"

ஓர் அறையாவது விழும், இல்லாவிட்டால் கட்டிப்பிடித்து அழுவாள் என்று காத்திருந்தேன். இரண்டுக்கும் தயாராகக் கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். அவள் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப அதுல எவ்வளவு பொய் இருக்கு?"

"ஒரு சொட்டு இல்ல. சத்தியமா."

"அன்னைக்கு நான் அழுதேன்னு கூட்டி வெச்ச. இன்னைக்குப் பேரை எடுக்கிறேன்னதும், மூணே முக்கால் நிமிஷம் குறைஞ்சிருக்குங்கற. இது மட்டும் நெஜம்னு நான் எதை வெச்சு நம்பறது?"

"வா, மெனுவைத் திறந்து காட்டறேன்."

"அந்த மெனுவுல எண்ணைப் போடறதும் நீதானே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். பதினேழு வருஷத் தொழிலில் முதல்முறையாக ஒரு மெஷின் மிகச் சரியாக ஓடியது, அதை நம்ப ஆளில்லை.

"கெளம்பு அண்ணா" என்றாள். "எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் அவள் காகிதத்தைக் கொடுக்கவில்லை. விடிந்ததும் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற மைதானத்துக்கு, அந்தத் தடியன்கள் எல்லாரும் பார்க்கப் பார்க்க, ஓடப் போனாளாம். 'ஹலோ அக்கா, ஹலோ' என்று ஒருவன் கத்தினானாம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எல்லாம் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். எவ்வளவு நேரத்தில் ஓடுகிறாள் என்று கேட்டால் அவரும் கையை விரித்தார்.

"சொல்ல மாட்டேங்கறா மச்சான். என் வாட்சைத்தான் வாங்கிட்டுப் போறா. அதையும் தினம் ரேடியோவுல மணி சொல்லும்போது ஒப்பிட்டுப் பாத்துட்டுதான் கட்டறா."

சோதனை நாளில் நான் போய் நின்றேன். வராதே என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மைதானத்தை ஆறு சுற்று சுற்றவேண்டும். நிலைய அதிகாரி கையில் ஸ்டாப் வாட்ச். கூட வேலை செய்கிறவர்கள் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு கைக்கடிகாரத்தை அழுத்தினார்கள். நானும் அழுத்தினேன். மைதானம் பெருக்குகிறவர்கூடத் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கடிகாரத்தை அழுத்தினார்.

அவள் ஓட்டம் பார்க்க அழகாக இல்லை. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. நாலாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது சுற்றில் கையை எடுத்துவிட்டாள். ஆறாவது சுற்று முழுவதும் அந்தத் தடியன்கள் கத்தினார்கள். இந்தத் தடவை அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கோட்டைத் தாண்டி நாலடி தள்ளிப் போய், முட்டியில் கை ஊன்றி நின்றாள்.

"பன்னெண்டு அம்பத்தொண்ணு! பாஸ்!" என்றார் அதிகாரி.

எல்லாரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை விசில் அடித்தார். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் சிரிக்கவில்லை. நேராக அதிகாரியிடம் போனாள்.

"சார், அந்த வாட்சைக் காட்டுங்க."

"அதான் சொன்னேனேம்மா."

"காட்டுங்க சார். பாவம் பாத்துப் போடலையே?"

"என்னம்மா பேசற? இது என்ன விளையாட்டா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் காட்டினார். பார்த்தாள். பார்த்தும் அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

அடுத்து வண்டி ஓட்டுகிறவரிடம் போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் குழாய் பிடிக்கிறவர்களிடம், ஒவ்வொருவராக. ஒருவன் கேலி செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஜெயித்தவள், திருட்டுப் போன பொருளைத் தேடுகிறவள் போலக் கைகளைப் பார்த்துக்கொண்டே வரிசையில் வந்தாள். கடைசியில் மாப்பிள்ளை. அவர் கையை இரண்டு தடவை பார்த்தாள்.

அவருக்கு அடுத்து நான் நின்றேன். என் கடிகாரமும் பன்னிரண்டு ஐம்பத்தொன்றில்தான் நின்றிருந்தது. அவள் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். கயிற்றோரம் மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், "அய்யா, உங்க வாட்ச்சுல எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள்.